காணாமல் போகாத இரண்டு வள்ளங்கள்

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனி மாதம், தூத்துக்குடியில் கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த சமயம். கச்சான் என்றால் மேற்கிலிருந்து வருகிற காற்று. உப்பளத்து ரோட்டில் ஸ்கூட்டரில் போனால் வண்டி ஒரு பக்கம் போகும், நாம் ஒரு பக்கம் போவோம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது, என் கம்ப்யூட்டர் திரையில் ஒரே ஒரு கேள்வி வந்து விழுந்தது. அப்போதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை வரை நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலைக்குப் பிறகு நடந்ததை நினைத்தால் வருவதில்லை.

நான் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறவன். வயது நாற்பத்தெட்டு. பயப்படுவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு நொடி தயங்கினால், என் ஸ்கூட்டரை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். டாக்டர் "ஒன்றுமில்லை" என்று சொன்னால், எதை மறைக்கிறார் என்று வீடு வரை யோசித்துக்கொண்டு வருவேன்.

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தை நடத்துகிற பேராசிரியை எல்லோருக்கும் மேடம்தான். எட்டு வருஷத்துக்கு முன்பு மேடமும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து ஒரு மென்பொருளை எழுத ஆரம்பித்தார்கள். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இருக்காது. நெட் வந்து வந்து போகிற இடத்தில் நீங்கள் ஒரு தகவலைப் பதிந்தால், அது அந்தத் தகவலைப் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெட் வந்ததும் சேர வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். சுருக்கமாகச் சொன்னால் தபால்காரர் உத்தியோகம். அரசாங்க ஆராய்ச்சி மானியத்தில் எழுதியது என்பதால் அதை இணையத்தில் திறந்தே வைத்திருந்தோம். யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம். கோளாறு தெரிந்தால் திருத்தி எங்களுக்கு அனுப்பலாம். திருத்தம் நன்றாக இருந்தால் சேர்த்துக்கொள்வோம். இப்படி ஊர் பேர் தெரியாத பத்துப் பதினைந்து பேர் அதில் கை வைத்திருந்தார்கள்.

மானியம் முடிந்தது. மாணவர்கள் படித்து முடித்து ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள். மென்பொருளை ஓட்டுகிறவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போனார்கள். ஒருநாள் துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஒரு கப்பல் முகவர் நிறுவனத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மேடத்திடம் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா கப்பல் நிக்கும்போது இது நின்னு போச்சுன்னா நான் யாரக் கூப்பிட? உங்க காலேஜுக்கு அன்னைக்கு லீவுன்னா?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் கம்பெனி பிறந்தது. ஃபோன் அடித்தால் எடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு கம்பெனி வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஸ்டார்ட்அப் பிறக்கிற கதையை மேடைகளில் பெரிதாகச் சொல்கிறார்கள். எங்களுக்குக் கல்லூரி கொடுத்தது ஒரு அறை, இரண்டு மேஜை, இழுத்தால் திறக்காமல் தள்ளினால் மட்டும் திறக்கிற ஒரு கண்ணாடிக் கதவு. மேடத்தின் ஆராய்ச்சி மாணவி முதன்மைச் செயல் அதிகாரி ஆனாள். நான் 'தொழில்நுட்பம்' ஆனேன். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை கப்பல் முகவர் நிறுவனத்து ஆட்கள் செயல்முறை பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் எனக்கு மூன்று வேலைகள். முதலாவது, வெளியாட்கள் எழுதிய பகுதிக்கெல்லாம் அவரவரிடம் சம்மதக் கடிதம் வாங்குவது. கம்பெனிக்கு அனுமதி தரவேண்டிய கல்லூரிக் குழு அதில் கறாராக இருந்தது. எல்லோரிடமும் வாங்கிவிட்டேன், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் பேர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று ஆங்கில எழுத்துகளை மட்டும் போட்டிருந்தார். எங்கே தேடுவது? கேட்காமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது, ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் கம்பெனி பேரை ஒரே மாதிரி போடுவது. நூற்றுக்கணக்கான ஃபைல்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிற பொறுமை எனக்கு ஏது? ஒரே கட்டளையில், ஃபைல் தலைகளில் இருந்த குறிப்புகள் அத்தனையையும் வழித்துப் போட்டுவிட்டு எங்கள் பேரை ஒட்டினேன். நாலு நொடியில் முடிந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

மூன்றாவது வேலை வேகம். திங்கட்கிழமை வருகிறவர்கள் அசர வேண்டும். எங்கே மெதுவாகிறது என்று துருவிப் பார்த்தபோது ஒரு ஃபைலில் ஒற்றை வரி தடுப்புச்சுவர் மாதிரி நின்றது. எதற்கு என்று ஒரு விளக்கமும் இல்லை. யாரோ என்னைப்போல ஒரு பயந்தாங்கொள்ளி எழுதியது என்று நினைத்து எடுத்துவிட்டேன். மென்பொருள் மூன்று மடங்கு வேகமாக ஓடியது. மேடம் கைதட்டினார். முதன்மைச் செயல் அதிகாரி அதை ஒரு வரைபடமாகப் போட்டு வண்ணம் அடித்தாள். புதன்கிழமை புதுப் பதிப்பாக எல்லோருக்கும் வெளியிட்டோம். ஓட்டுகிறவர்களின் கம்ப்யூட்டரில் அது தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும், பழையதைத் திரும்பப் போட்டாலும் விடாது.

வெள்ளிக்கிழமை அந்தக் கேள்வி வந்தது. அனுப்பியவர் அந்த மூன்று எழுத்துக்காரர்.

"இந்த ஃபைலின் தலையில் மூன்று வரிகள் இருந்தன. எடுத்தது யார்?"

அவ்வளவுதான். வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை.

தலையில் இருந்தது அவருடைய பேர். பேரை அழித்தாகிவிட்டது. சம்மதமும் வாங்கவில்லை. சர்வ நிச்சயமாக வக்கீல் வைத்திருக்கிறார். இல்லாவிட்டால் இவ்வளவு சுருக்கமாக யார் எழுதுவார்கள்? திங்கட்கிழமை அந்த அதிகாரிகள் முன்னால் அவர் கதவைத் திறந்துகொண்டு வருவார். கண்ணாடிக் கதவை முதலில் இழுப்பார், பிறகு தள்ளுவார். அதற்குள் நான் ஜன்னல் வழியாகப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். அறை இரண்டாவது மாடியில் இருந்தது.

பதில் எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று எழுதவில்லை. மேடத்திடமும் சொல்லவில்லை. அவர் அனுப்பிய திருத்தங்களின் தேதிகளைக் கிழமையோடு ஒரு தாளில் அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மில்லர்புரத்தில் இருக்கிற வீட்டுக்குப் போய்விட்டேன். நாலு வருஷத்தில் பதினோரு திருத்தங்கள். தேதிகளுக்குள் ஏதோ சதி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலையில் மனைவி பரீட்சைத் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"சீனி போடாத காப்பியக் குடிச்சிட்டு நல்லாருக்குங்குதீய. என்னத்தச் செஞ்சு வச்சிருக்கீய?"

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆள் அமெரிக்காவில் ஏதோ பெரிய கம்பெனியின் ஆளாக இருக்கலாம், பெங்களூரில் நம் போட்டியாளர்கள் ஏவிவிட்டவராகவும் இருக்கலாம் என்ற என் ஆராய்ச்சி முடிவுகளையும் சொன்னேன். அவள் கையை நீட்டித் தேதித் தாளை வாங்கினாள். சிவப்புப் பேனாவாலேயே ஒவ்வொன்றாக டிக் அடித்தாள்.

"இது ஞாயித்துக்கிழம. இதும் ஞாயித்துக்கிழம. இது… டிசம்பர் மாசம். ஆர்பர்ல புயல் கூண்டு ஏத்துன அன்னைக்கு. எங்க ஸ்கூலுக்கு லீவு விட்டாவ. அதுக்கு ஈடா ஒரு சனிக்கிழம வரச் சொன்னாவல்லா, அத மறப்பனா? இதும் கூண்டு ஏத்துன நாளு. இது மறுபடி ஞாயித்துக்கிழம."

"அதனால?"

"அதனால என்ன. கடலுக்குப் போற ஊரு ஆளு. வள்ளம் போகாத அன்னைக்குத்தான் அவுகளுக்குக் கை ஒழியுது. அமெரிக்காக்காரன் நம்ம ஆர்பர்ல கூண்டு ஏத்துததப் பாத்தா கம்ப்யூட்டர்ல உக்காருதான்?"

இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலில் இறங்கமாட்டார்கள், பூசைக்கு மாதா கோயிலுக்குப் போவார்கள். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினோரு தேதிகளை இருபது மணி நேரம் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

"அந்த ஆளுட்டயே யாருன்னு கேட்டீயளா?" என்றாள்.

கேட்கவில்லை. அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை. உட்கார்ந்து ஒன்றரைப் பக்கத்துக்குப் பதில் எழுதினேன். 'மேற்படி', 'உள்நோக்கமின்றி', 'கவனக்குறைவு ஏதேனும் இருப்பின்' என்று எனக்குத் தெரிந்த சட்டத் தமிழையெல்லாம் இறக்கினேன். கால் மணி நேரத்தில் பதில் வந்தது.

"நாளைக்குப் பூசை முடிஞ்சு பத்து மணிக்கு இருப்பேன். கீழவைப்பார். கோயிலுக்குத் தெற்கே இ-சேவைக் கடை. நேரில் வாங்க. காட்டணும்."

என்னத்தைக் காட்டணும்? அன்றைய மிச்சப் பகல் முழுவதும் அந்த ஒரு வார்த்தையோடு கழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சம்மதக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடையில் எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் அரைக் கிலோ வாங்கி, ஸ்கூட்டரில் கிளம்பினேன். மக்ரூன் கொடுத்த மனிதனை வழக்கு மன்றத்துக்கு இழுக்க யாருக்கும் மனசு வராது என்று ஒரு கணக்கு. தருவைக்குளம் தாண்டியதும் காற்று பிடித்தது. மக்ரூனைக் காப்பாற்றுவதா என்னைக் காப்பாற்றுவதா என்று பல இடங்களில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. வழியெல்லாம் வசனம் மனப்பாடம் செய்தேன்: 'அது தானியங்கி முறையில் நடந்துவிட்டது. தனிப்பட்ட யாரும் பொறுப்பல்ல.' நாலைந்து தடவை சொன்னதும் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

கீழவைப்பாரில் வள்ளங்கள் கரையேறி வரிசையாகக் கிடந்தன. கடை வாசல் நிழலில் பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பூசைக்குக் கட்டிய புடவையை இன்னும் மாற்றவில்லை. அந்த மூன்று எழுத்துக்காரர் அவர்தான்.

"வாங்க சார். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தீங்க. நாலு தடவ படிச்சேன், ஒண்ணும் புரியல," என்றார். பிறகு தெரிந்துகொண்டேன்: கம்ப்யூட்டர் படித்தவர், சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்தவர், கல்யாணத்துக்குப் பிறகு இங்கே கடை வைத்திருக்கிறார்.

நாற்காலியில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவருதானாக்கும்?"

"காலேஜ்ல இருந்து வந்திருக்காரு மாமா. சும்மா இருங்க."

"அதாம்மா கேக்கேன். என்னையக் கடல்ல போட்டவரு இவருதானான்னு."

வேடிக்கை பேசுகிறார் என்று நானும் சிரித்துவைத்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெண் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். திரையில் ஒரு பட்டியல். வள்ளத்தின் பேர், கடலுக்குள் போன ஆட்கள், போன நேரம், வந்த நேரம். ஊர்க் கமிட்டி நாலு வருஷமாக வைத்திருக்கிற ஏற்பாடு. விடியற்காலையில் எந்த வள்ளம் போனாலும் பதிவார்கள். திரும்பி வந்தாலும் பதிவார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் பட்டியலில் 'வரவில்லை' என்று யாராவது இருந்தால், ஃபோன் போட்டுப் பார்ப்பார்கள். எடுக்காவிட்டால் தேடிப் போக வள்ளம் இறக்குவார்கள். அந்தப் பட்டியல் கமிட்டிக்காரர்களின் ஃபோன்களுக்குப் போவது எங்கள் மென்பொருள் வழியாக.

"உங்க பேர ஒரு வள்ளம் மாதிரி 'போயாச்சு'ன்னு முன்னமே பதிஞ்சு வச்சிருக்கேன். இப்ப நீங்க 'வந்தாச்சு'ன்னு பதிங்க," என்றார்.

பதிந்தேன். திரையில் பச்சையாக 'சரி' என்று வந்தது. அவர் குனிந்து சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது. மறுபடி செருகினார். கம்ப்யூட்டர் மெதுவாக உயிர் பெற்று வந்தது. பட்டியல் திறந்தது. மேலிருந்து கீழ்வரை தேடினேன். என் பேருக்கு எதிரே 'வரவில்லை' என்று இருந்தது.

"காணோம்லா?" என்றார் பெரியவர். "எனக்கும் அப்படித்தாம்வே ஆச்சு."

வியாழக்கிழமை கச்சான் பலமாக இருந்திருக்கிறது. மேற்குக் காற்று கரைக்கு வரவிடாமல் வெளியே தள்ளும். பெரியவரின் வள்ளமும் இன்னொன்றும் இந்தக் கரையைப் பிடிக்க முடியாமல் பக்கத்தில் சிப்பிகுளத்தில் ஏறி, இரண்டு மணிக்கு அந்தப் பெண்ணுக்கு ஃபோனில் சொல்லிவிட்டார்கள். நெட் அப்போது இல்லை. அவர் 'வந்தாச்சு' என்று பதிந்தார். பச்சையாக 'சரி' வந்தது. உடல்நலமில்லாத அம்மாவைப் பார்க்க வேம்பாருக்குக் கிளம்பினார். கடைக் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. யூ.பி.எஸ். பேட்டரி செத்து இரண்டு மாதம். பதிந்தாகிவிட்டதே என்று அவரும் போய்விட்டார். மூன்று மணிக்குக் கரண்டும் நெட்டும் திரும்பி வந்து, கம்ப்யூட்டர் தானாகவே எழுந்து பட்டியலைக் கமிட்டிக்கு அனுப்பியது, அந்த இரண்டு பதிவும் இல்லாமல்.

"நாலு மணிக்கு என் பேரு 'வரல'ன்னு நிக்கி," என்றார் பெரியவர். "ஃபோன் போட்டிருக்கானுவ. என் ஃபோன் தண்ணி குடிச்சிட்டு. மத்தவன் சார்ஜ்ல போட்டுட்டு உறங்குதான். நான் சிப்பிகுளத்துல மக வீட்டுல மீன்கொழம்ப ஊத்தித் தின்னுட்டு கட்டில்ல கெடக்கேன். என்னையத் தேடி ரெண்டு வள்ளத்துல ஆறு பேரு கடலுக்குள்ள போயிருக்கான். அந்தக் காத்துல."

"அதுல எங்க வீட்டுக்காரரும்," என்றார் அந்தப் பெண். "நான் அஞ்சு மணிக்கு வந்து, அவங்கதான் வந்தாச்சேன்னு சொல்றேன். அதுக்குள்ள இவங்களுக்கு டவர் கிடைக்காத தூரம் போயாச்சு. யார்கிட்டச் சொல்ல? கரையில நின்னோம். ஒரு வள்ளத்துல எஞ்சின் நின்னு போயி, இன்னொண்ணுல கயிறு கட்டி இழுத்துக்கிட்டு ஆறரை மணிக்கு வந்தாங்க."

குரலை உயர்த்தாமல் சொன்னார். எனக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. கம்ப்யூட்டர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாம் ஒன்றை எழுதச் சொன்னால், 'எழுதிட்டேன்' என்று உடனே சொல்லிவிடும். உண்மையில் எழுதியிருக்காது, ஞாபகத்தில் மட்டும் வைத்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து சாவகாசமாக எழுதும். அதற்குள் கரண்ட் போனால் ஞாபகமும் போகும். 'எழுதி முடித்துவிட்டுப் பேசு' என்று அதைப் பிடித்து நிறுத்துவதற்கு ஒரு வரி வேண்டும். அந்த வரி இருந்தால் மென்பொருள் மெதுவாகத்தான் ஓடும்.

நான் எடுத்த வரி அதுதான்.

அவர் பழைய பதிப்பைத் திறந்து, நான் வழித்துப் போட்ட மூன்று வரிகளைக் காட்டினார். முதல் வரி அவருடைய மூன்று எழுத்து. அடுத்த இரண்டு: 'கீழே ஒரு வரி வேகத்தைக் குறைக்கும். எடுக்காதீர்கள். எடுத்தால், கரண்ட் போகும்போது கடைசியாகப் பதிந்த ஆள் காணாமல் போவார்.'

"பேரு போனா போகட்டும் சார். அது எனக்குப் பெருசில்ல. இத எதுக்கு எடுத்தாங்கன்னுதான் கேட்டேன்."

வழியெல்லாம் மனப்பாடம் செய்த வசனம் நாக்கு நுனி வரை வந்தது. எச்சரிக்கைக் குறிப்பைப் படிக்காமல் அழித்தவன் நான். குறிப்பு இல்லையே என்று வரியை அழித்தவனும் நான். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் செய்தது டீ குடித்தது மட்டும்தான்.

"நான்தான்மா எடுத்தேன். ரெண்டையும். வேகமா ஓடணும்னு," என்றேன்.

பெரியவர்தான் பேசினார். "சரி, ஒத்துக்கிட்டாரு. அந்தப் பொட்டலத்துல என்னவே?"

மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தேன். காற்றிலும் ஸ்கூட்டரிலும் பாதி தூளாகியிருந்தது. அவர் தூளை விட்டுவிட்டு முழுசாக இருந்ததை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெண் எழுந்து என்னைத் தன் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவருடைய கம்ப்யூட்டரிலேயே என் கடவுச்சொல்லைப் போட்டு, வரியைத் திரும்ப வைத்து, மூன்று குறிப்பு வரிகளையும் அதே இடத்தில் ஒட்டி, திருத்திய பதிப்பை எல்லோருக்கும் வெளியிட்டேன். கடவுச்சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்தேன். "மெதுவா அடிங்க சார், இப்பல்லாம் மெதுவா இருந்தாத்தான் நல்லது," என்றார். அன்று அவர் என்னைக் கேலி செய்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகு மறுபடியும் பதிந்து, பிளக்கைப் பிடுங்கி, செருகிப் பார்த்தோம். என் பேர் 'வந்தாச்சு' என்று நின்றது.

அந்த நேரத்தில் அவருடைய கணவர் டீத் தூக்குவாளியோடு வந்தார். டம்ளரை நீட்டிய உள்ளங்கையில் குறுக்கே ஒரு நீளமான சிவந்த காயம். கயிறு இழுத்த இடம். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார். "மக்ரூன் எந்தக் கடையில வாங்குனிய?" என்று மட்டும் கேட்டார். கடை பேரைச் சொன்னேன்.

சம்மதக் கடிதத்தை வெளியே எடுக்கிற எண்ணமே எனக்குப் போய்விட்டது. அந்தப் பெண்தான் என் சட்டைப்பையைப் பார்த்து, "அது என்ன பேப்பர்?" என்று கேட்டார். கம்பெனி கதையைச் சொன்னேன். கடிதத்தை வாங்கி முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை படித்தார். எனக்குத் தெரிந்து அதை முழுசாகப் படித்த முதல் ஆள் அவர்தான். எழுதிய நான்கூட வேறொரு இடத்திலிருந்து எடுத்து ஒட்டியவன்தான்.

"இதுல, கம்பெனி நினைச்சா இதப் பூட்டி வைக்கலாம்னு இருக்கே. அப்புறம் நாங்க திறந்து பாக்க முடியாதா?"

"அப்படியெல்லாம் செய்ய மாட்டோம்மா."

"நீங்க செய்ய மாட்டீங்க. நாளைக்கு வேற ஆள் வாங்குனா? வியாழக்கிழமை நடந்தது என்னன்னு நான் வெள்ளிக்கிழமை கண்டுபிடிச்சேன். எப்படி? திறந்து கிடந்ததால. பூட்டியிருந்தா, மிஷின் கெட்டுப்போச்சுன்னு மிஷின மாத்திட்டு இருந்திருப்பேன். அந்தக் கப்பல்காரங்க எதுக்குச் சார் காசு தாராங்க?"

"கூப்பிட்டா ஃபோன எடுக்க."

"அத வித்துக்கோங்க. நல்ல வியாபாரம்தான அது. உள்ள இருக்கது திறந்தே கிடக்கட்டும்."

மேடமும் நானும் மாணவியும் மாதக்கணக்கில் கூடிப் பேசிய விஷயம். வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போட்டுப் போட்டு மார்க்கர் தீர்ந்தது. அதை அவர் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார். பூட்டுவதைப் பற்றிய வரியைப் பேனாவால் அடித்தார். கீழே தன் கையெழுத்தில் இரண்டு வாக்கியம் சேர்த்தார்: மென்பொருளும் அதன் திருத்தங்களும் என்றைக்கும் பொதுவில் இருக்கும், புதுப் பதிப்பு எதையும் வெளியிடும் முன் ஒரு கரையில் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மேடத்தின் மேஜையில் அந்தத் தாளை வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கோபப்படும்போது கண்ணாடியைக் கழற்றுவார் என்பதால் நான் கதவின் பக்கம் ஒரு அடி நகர்ந்தேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"கை ஒண்ணு காயம் மேடம்."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு நானும்தான் கைதட்டுனேன். ஏன் வேகமாச்சுன்னு ஒரு வார்த்த கேக்கல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இன்னைக்கு வேகத்தக் காட்ட வேண்டாம். அவங்க உங்களுக்குக் காட்டுனதையே நாம காட்டுவோம்."

பத்து மணிக்கு அதிகாரிகள் வந்தார்கள். மேடம் அவர்களிடம் வியாழக்கிழமை நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பிளக்கைப் பிடுங்குகிற பொறுப்பு என்னுடையது. அவசரத்தில் முதலில் புரொஜெக்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அறை இருண்டது. அதிகாரிகள் அதுவும் செயல்முறையில் ஒரு பகுதி என்று நினைத்து மரியாதையாகக் காத்திருந்தார்கள். அடுத்ததைச் சரியாகப் பிடுங்கினேன். பதிந்தது அப்படியே இருந்தது.

"நீங்க அனுப்புன வரைபடத்துல இருந்ததவிட மெதுவா இருக்கே," என்றார் அந்த அதிகாரி.

"ஆமா சார். எழுதி முடிச்ச பிறகுதான் முடிச்சேன்னு சொல்லும்," என்றார் மேடம்.

அவர்கள் அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். கல்லூரிக் குழுவும் அடித்த வரியைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு கடிதத்தை நாங்கள் பார்த்ததே இல்லை என்று இரண்டு மாதம் இழுத்தது. மேடம் விடவில்லை. அந்த இரண்டு வாக்கியத்தோடுதான் கம்பெனி ஆரம்பமானது. முதல் வாடிக்கையாளர் ஒரு உப்பு ஏற்றுமதி கம்பெனி. கப்பல் முகவர்கள் இரண்டாவதாக வந்தார்கள். அந்தப் பெண்ணை எங்களோடு சேர்க்க மேடமே கீழவைப்பாருக்குப் போய்க் கேட்டார். அவர் சேர்ந்தார், ஆனால் கடையை விடமாட்டேன், கண்ணாடிக் கதவுக்குள்ளும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். புதுப் பதிப்புகள் அங்கே போய், அவர் பிளக்கைப் பிடுங்கி, "சரி" என்று எழுதிய பிறகுதான் வெளியே வருகின்றன. இதுவரை இரண்டு பதிப்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இரண்டும் நான் கை வைத்தவை.

அந்த மூன்று நாட்களை இப்போது நினைத்தால் ஒன்று உறுத்துகிறது. நான் வக்கீலையும் வழக்கையும் கற்பனை செய்து பயந்துகொண்டிருந்த வெள்ளியும் சனியும், அந்தக் கரையில் பட்டியலை நம்ப முடியாமல் ஒவ்வொரு வள்ளமாக ஆள் நின்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு வரி பதில் போட்டிருந்தால் அன்றைக்கே சரியாகியிருக்கும். அத்தனை பயத்தில் ஒரு சொட்டுகூட வேறொருவருக்காக நான் பயந்ததில்லை. இப்போதும் காரணம் தெரியாத ஒரு வரியை அழிக்கக் கை போகும்போதெல்லாம், பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்த அந்தப் பெரியவரை நினைத்து ஒரு பயம் வருகிறது. என் ஆயுளில் நான் பட்ட எத்தனையோ பயங்களில், போகாமல் கூடவே இருக்கட்டும் என்று நான் ஆசைப்படுவது அது ஒன்றைத்தான்.